யந்திரத்தின் வயது

கடலூரில் ஒரு விவாகம் நடக்கிறதென்றால், கேமராவைத் தோளில் தாங்கி மணமேடைக்கு எதிரே நிற்கிற மனிதரை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கேமராவில் பதிந்த பல மணி நேரக் காட்சிகளைப் பின்னர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, வேண்டியதை வைத்து வேண்டாததை நீக்கி, கெட்டிமேளத்தின் முழக்கமும் தாலி முடிகிற கையும் ஒரே கணத்தில் பொருந்தும்படி சேர்த்துத் தருகிற மனிதரை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்கும் பாடலீஸ்வரர் கோயிலுக்கும் நடுவே உள்ள ஒரு தெருவில், அப்படிப்பட்ட ஓர் அறையில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் சில வருஷங்களுக்கு ஒரு முறை தவறாமல் வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு: இருக்கிற கணினியைச் செப்பனிட்டு வலுப்படுத்திக்கொள்வதா, அல்லது அதை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்பதே அது. 2018-ஆம் ஆண்டில் அந்தக் கேள்வி என்னிடம் வந்தபோது நான் யோசித்த விதத்தையும், அந்த யோசனைக்குப் பின்னால் நின்ற பழைய ஞாபகங்களையும், இத்தொழிலுக்குப் புதிதாக வருகிற இளைஞர்களுக்குப் பிரயோஜனப்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றுக்கொண்ட ஸ்டூடியோவில் முதலில் கணினியே கிடையாது. வி.எச்.எஸ். கேஸட்டுகளின் காலம் அது. ஒரு டெக்கில் ஓடுகிற கேஸட்டைக் கண்கொட்டாமல் பார்த்து, வேண்டிய இடம் வந்ததும் மற்றொரு டெக்கில் பதிவை ஆரம்பித்து, வேண்டாத இடம் வந்ததும் நிறுத்துவதுதான் எடிட்டிங் என்று பெயர் பெற்றிருந்தது. நடுவிலே ஒரு காட்சியை எடுத்துவிட வேண்டுமென்று பெண் வீட்டார் சொல்லிவிட்டால், அந்த இடத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். அவ்வாறு பதியப் பதியப் படத்தின் தெளிவு குறைந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். பிறகு மினி டி.வி. கேஸட்டுகள் வந்தன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அந்தக் கேஸட்டில் ஒரு மணி நேரக் காட்சி எண்களாகப் பதிந்திருக்கும். பயர்வயர் கம்பி வழியாக அதைக் கணினிக்குள் இறக்கினால் 13 ஜிகாபைட் அளவுக்கு வந்து நிற்கும். எத்தனை முறை பிரதி எடுத்தாலும் தெளிவு குன்றாத அந்த அதிசயத்தை முதன்முதலாகக் கண்டபோது, இனி இத்தொழிலில் இழப்பு என்பதே இல்லை என்று எங்களுக்கெல்லாம் தோன்றிற்று.

இழப்பு என்பது வேறு திசையிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் எழுந்து கரைக்குள் புகுந்து, தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலிய மீனவர் குடியிருப்புகளைச் சூறையாடிச் சென்ற செய்தியை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, ஸ்டூடியோவின் வாசலில் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றவர்களை மட்டும் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்த ஆல்பமும் கேஸட்டும் தண்ணீரோடு போய்விட்டன. "அண்ணே, எங்க அக்கா கல்யாணத்துல எங்கம்மா ஆரத்தி எடுக்கிற எடம் ஒண்ணு வரும், அது மட்டும் இருந்தாப் போதும்" என்று ஓர் இளைஞர் கேட்டார். அவருடைய தாயாரின் முகம் பதிந்த வேறு எதுவும் அவரிடத்தில் மிஞ்சவில்லை. எங்கள் முதலாளி, மூலக் கேஸட்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்துகிற வழக்கம் இல்லாதவர். அலமாரியில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கேஸட் கிடைத்தது. இளைஞருக்குப் பிரதி போட்டுக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். செலவைக் குறைப்பதற்காகக் கேஸட்டை அழித்து எழுதுவது அந்நாளில் இத்தொழிலில் சகஜம். ஆகவே வேறு இடங்களில் தேடிப் போனவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். கல்யாண வீடியோ என்பதை அதுவரையில் ஒரு விசேஷத்தின் ஞாபகார்த்தமாகவே கருதியிருந்த நான், ஒரு குடும்பத்துக்கு அது எப்படிப்பட்ட சொத்தாக மாறிவிடக்கூடும் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

பிற்பாடு நான் தனியாகத் தொழில் ஆரம்பித்து, சொந்தமாக ஒரு நல்ல கணினி அமைத்துக்கொண்டது 2012-ஆம் ஆண்டில். அதற்கு முந்தின டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, எங்கள் ஜில்லாவின் மின்கம்பங்களையும், பண்ருட்டிப் பக்கத்துப் பலா முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்திருந்தது. அதைத் தொடர்ந்து வந்த வருஷமோ சென்னைக்கு வெளியே நீண்ட மின்வெட்டுகளின் வருஷம். நெய்வேலியில் பூமிக்குள்ளிருந்து பழுப்பு நிலக்கரியை எடுத்து மின்சாரமாக்குகிற ஜில்லாவிலேயே, மின்சாரம் வருகிற நேரம் பார்த்து வேலை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பிரயாணம் போய், கடை கடையாக ஏறி இறங்கி, உதிரி பாகங்களை வாங்கி வந்து அசெம்பிள் செய்துகொண்ட யந்திரம் அது: இன்டெல் ஐ-5 3470 பிராஸஸர், எச்-61 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். அதோடு, அளவில் பெரிய பாட்டரி பூட்டிய ஒரு யு.பி.எஸ். அந்தக் காலத்துக்கு அது உயர்ந்த யந்திரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், நான் ஏற்றுக்கொண்ட வேலைக்கு மிகப் பொருத்தமான யந்திரம்.

ஆறு வருஷ காலம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, நிச்சயதார்த்தம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று மனித வாழ்க்கையின் மங்கல காரியங்கள் அனைத்தும் அதன் வழியாகச் சென்றன. 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையில் கடலூரின் தெருக்கள் நீர்நிலைகளாக மாறியபோது, நான் முதலில் பரண்மேல் ஏற்றியது ஹார்ட் டிஸ்க்குகள் நிறைந்த அட்டைப் பெட்டியை. அதற்குப் பிறகே கணினியை. அந்த வரிசையை நான் யோசித்துத் தீர்மானிக்கவில்லை. சிங்காரத்தோப்பு மனிதர்களின் முகங்கள் என் மனத்தில் இருந்து அதைத் தீர்மானித்தன என்றே இப்போது எண்ணுகிறேன்.

2018-ஆம் ஆண்டு சிவராத்திரியை ஒட்டி எனக்குச் சிதம்பரத்தில் ஒரு வேலை கிடைத்தது. சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரி சமயத்தில் நாட்டியாஞ்சலி நடந்து வருவதும், தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் நடனக் கலைஞர்கள் அங்கே வந்து ஆடுவதைப் பெரும் பேறாகக் கருதுவதும் யாவரும் அறிந்தவை. அவ்வூரில் நெடுங்காலமாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வருகிற ஓர் அம்மையார், தம் மாணவிகள் ஆடுவதை ஒழுங்கான முறையில் படமாக்கித் தர வேண்டுமென்று கேட்டிருந்தார். கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக வெள்ளாற்றைத் தாண்டி, ஏறக்குறைய 45 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். சிதம்பரத்து நண்பர்கள் இருவர் தங்களுடைய புதிய கேமராக்களைக் கொண்டுவந்தார்கள். மூன்று கேமராக்களிலும் 4கே தெளிவில் பதிவு செய்தோம். கோபுர வாசல்களின் உட்சுவர்களில் 108 கரணங்களும் சிற்பமாக நிற்கிற ஊரில், ஒரு பெண்ணின் விரல் நுனியும் பாதத்தின் திருப்பமும் மங்கலாகப் பதியக் கூடாது என்பதில் நாங்கள் மூவரும் ஒரே மனத்தோடு இருந்தோம்.

வீட்டுக்கு வந்து அந்தக் காட்சிகளை டைம்லைனில் வரிசைப்படுத்தி ஓடவிட்டபோது, என் யந்திரம் முதன்முறையாகத் திணறியது. படம் இரண்டு விநாடி ஓடும்; நிற்கும்; பிறகு தாவி வேறோர் இடத்தில் தொடரும்; பாட்டு மட்டும் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும். கல்யாண வீடியோவாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாட்டியத்தில் பொறுத்துக்கொள்ள முடியாது. நட்டுவாங்கத் தாளம் விழுகிற கணமும் பாதம் தரையில் தட்டுகிற கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். விநாடிக்கு 25 ப்ரேம் ஓடுகிற படத்தில் ஒரே ஒரு ப்ரேம் பிசகினாலும், ஆடத் தெரிந்தவர்களின் கண் அதைக் கண்டுகொள்ளும். ஒலியோ விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு ப்ரேம் ஓடுகிற நேரத்தில் அது 14 மீட்டர் தூரத்தைக்கூடக் கடப்பதில்லை. ஆகையால் மேடைக்கு எதிரே இருபது மீட்டருக்கு அப்பால் நிற்கிற கேமராவின் மைக்கில், தட்டின் சத்தம் படத்தைவிட ஒன்றரை ப்ரேம் தாமதமாகவே பதியும். அதை மேடை மைக்குகளின் பதிவோடு ஒப்பிட்டு நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். தாவித் தாவி ஓடுகிற படத்தை வைத்துக்கொண்டு, பிசகு ஆடியவரிடத்தில் இருக்கிறதா, பதிவில் இருக்கிறதா, யந்திரத்தின் தள்ளாட்டத்தில் இருக்கிறதா என்று யார் சொல்ல முடியும்? அவசரப்படுகிற சுபாவம் எனக்கு இல்லை. யந்திரம் மெதுவாக வேலை செய்தால் காத்திருக்கத் தயங்கமாட்டேன். ஆனால் அது பொய்க் காட்சியைக் காட்டுகிறபோது, என் கண்ணையே நான் நம்ப முடியாமல் போகிறதே என்பதுதான் விசாரமாக இருந்தது.

அபிப்பிராயம் சொல்ல வந்தவர்கள் பலர். சிதம்பரத்து நண்பர்களில் இளையவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் குறும்படம் எடுக்கிற ஆர்வத்தில் இருந்தவர், "அண்ணா, இந்தச் சிஸ்டத்தோட காலம் முடிஞ்சுபோச்சு; மொத்தமா மாத்திடுங்க" என்றார். மஞ்சக்குப்பத்தில் இதே தொழில் செய்கிற மற்றொருவர், கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றார். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும் என்றார் வேறொருவர். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மூவர் சொன்னதும் மூன்று வெவ்வேறு வியாதிகளுக்கான மருந்து. என் யந்திரத்துக்கு வந்திருப்பது எந்த வியாதி என்று முதலில் தெரிந்துகொள்ளாமல் எந்த மருந்தையும் வாங்குவதில்லை என்று நான் நிச்சயம் செய்துகொண்டேன்.

ஆகவே, படம் ஓடுகிறபோதே டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, யந்திரத்தின் எந்த உறுப்பு உழைக்கிறது, எந்த உறுப்பு சும்மா இருக்கிறது என்று நிதானமாகக் கவனித்தேன். பிராஸஸரின் நான்கு கோர்களும் நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தன. ஹார்ட் டிஸ்க்கோ பெரும்பாலும் ஓய்வாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயந்தான்: எங்கள் கேமராக்கள் விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தன, அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட், மணிக்கு 45 ஜிகாபைட். விநாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் படித்துத் தரவல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று கேமராக்களின் காட்சியும் சேர்ந்தாலும் பெரிய சுமை அல்ல. பாரம் முழுவதும், படித்ததை விரித்துப் படமாக்குகிற பிராஸஸரின் தலையில் விழுந்தது.

ஏன் அப்படி என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது அளவு. பழைய மினி டி.வி. படத்தில் ஒரு ப்ரேமுக்கு 4,14,720 புள்ளிகள். 4கே படத்தில் 82,94,400 புள்ளிகள். மிகச் சரியாக இருபது மடங்கு. இரண்டாவது, பதிவு செய்கிற முறை. பழைய முறையில் ஒவ்வொரு ப்ரேமும் தனித்தனியே முழுமையாக எழுதப்பட்டிருந்தது. எச்.264 என்கிற புதிய முறையிலோ, ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற ஒருவர் முதல் கடிதத்தில் எல்லாச் செய்தியையும் விவரமாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த கடிதங்களில் மாறியதை மட்டும் குறித்து, மற்றவை முன் கடிதத்தில் கண்டபடி என்று முடித்துவிடுவது போல, எப்போதாவது ஒரு ப்ரேம்தான் முழுமையாக எழுதப்படுகிறது. இடைப்பட்டவற்றில் மாறுதல்கள் மாத்திரமே. அதனால் இடம் மிச்சமாகிறது. ஆனால் நடுவிலே ஒரு ப்ரேமைப் பார்க்க விரும்பினால், பிராஸஸர் பழைய கடிதங்களையெல்லாம் மறுபடி புரட்டி, முழுச் செய்தியையும் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எடிட்டரோ ஓயாமல் முன்னும் பின்னும் தாவுகிறவர். அப்போது நான் பயன்படுத்திய பிரீமியர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டு நிறம் மாற்றுவதிலும் அளவு மாற்றுவதிலும் பேருதவி செய்யுமே தவிர, இந்த விரிக்கும் வேலையைப் பிராஸஸரே செய்தாக வேண்டும். ஆகவே மஞ்சக்குப்பத்து நண்பர் சொன்ன கார்டும், மற்றவர் சொன்ன எஸ்.எஸ்.டி.யும், நல்ல பொருள்களே ஆனாலும், இந்தத் திணறலைத் தீர்க்கமாட்டா என்பது தெளிவாயிற்று.

இனி மிஞ்சியது பிராஸஸரை மாற்றுவது. என் மதர்போர்டில் பொருந்தக்கூடிய பிராஸஸர்களில் உயர்ந்தவற்றுள் ஒன்று ஐ-7 3770. பழைய சாமான் கடைகளில் கிடைத்தாலும், நான்கு கோர் நான்கு கோராகவே இருக்கும். ஆறு கோர் உள்ள ஐ-7 8700 அப்போது வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆனால் அது என் பழைய மதர்போர்டில் உட்காராது. புது மதர்போர்டு வாங்கினால் அதில் என் டி.டி.ஆர்.3 ராம் ஏறாது, டி.டி.ஆர்.4 வாங்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று என்று சங்கிலியாக நீண்டு, கடைசியில் பெட்டியும் விசிறியும் மாத்திரமே பழையதாக எஞ்சும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தபோது, "சார், கார்டோட சேர்த்து எல்லாம் போட்டா லட்சத்துக்குக் குறையாது, இப்ப ரேட்டு ஏறிக் கிடக்கு, கொஞ்சம் பொறுத்து வாங்குறதுன்னாலும் வாங்கலாம்" என்று அந்தக் கடைக்காரர் உண்மையாகவே சொன்னார். அந்த வருஷத் தொடக்கத்தில் உலகமெங்கும் பிட்காயின் முதலிய மின்காசுகளின் மோகம் உச்சத்தில் இருந்தது; சில வகைக் காசுகளைச் சுரங்கம் தோண்டுவதாகச் சொல்லி, கிராபிக்ஸ் கார்டுகளை மொத்தம் மொத்தமாக வாங்கிக் குவித்ததில், அவற்றின் விலை எங்கும் ஏறியிருந்தது. ராமின் விலையும் அப்போது உயர்ந்தே நின்றது. எங்கோ தூர தேசத்தில் ஒருவர் கொண்ட பேராசை, கடலூரில் நாட்டியப் படம் வெட்டுகிறவனின் செலவுக் கணக்கிலே வந்து உட்காருகிற காலமாகிவிட்டது இது.

இந்த யோசனையில் இருக்கும்போது, தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டுமென்று சிதம்பரம் சென்று அந்த அம்மையாரைக் கண்டேன். வடக்கு வீதிக்கு அருகே உள்ள அவர் வீட்டுக் கூடத்தில் சிறுமிகள் அடவு பழகிக்கொண்டிருந்தார்கள். நான் நிலைமையைச் சொன்னதும் அவர், "படம் இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்தாக்கூடப் பரவாயில்லை தம்பி, ஆனா எடுத்தது பத்திரமா இருக்கா? இந்தப் பிள்ளைகள் நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிடும், இப்படி மறுபடியும் சேர்ந்து ஆட வைக்க என்னால முடியாது" என்றார். நான் பத்திரமாக இருக்கிறது என்று பதில் சொன்னேன். பஸ்ஸில் திரும்புகிறபோது அந்தக் கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை. காட்சிகள் இருந்தது ஒரே ஹார்ட் டிஸ்க்கில். கேமரா கார்டுகளை நண்பர்கள் அடுத்த வேலைக்காக அழித்திருந்தார்கள். யந்திரத்துக்காக ஒரு லட்சம் ரூபாயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்த யந்திரத்தின் வழியாகப் போகிற பொருளின் பாதுகாப்பு அதைவிடப் பெரிய செலவுக்குரியது என்று அம்மையார் ஒரு கேள்வியிலே உணர்த்திவிட்டார்.

அத்துடன் மற்றொரு ஞாபகமும் வந்தது. எங்கள் முதலாளி இளமையில் கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் அறையில் உதவியாளாக இருந்தவர். பிலிம் காலத்தில் எந்த எடிட்டரும் மூல நெகட்டிவைத் தொடுவதில்லை என்று அவர் சொல்வதுண்டு. நெகட்டிவ் லாபில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து எடுத்த பிரதியைத்தான் மூவியோலாவில் ஓட்டி, வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி, கீறல் விழ விழ உழைப்பார்கள். எல்லாம் முடிந்து தீர்மானமான பிறகு, ஓரத்தில் அச்சாகியிருக்கிற எண்களைக் கொண்டு, அந்தப் பிரதிக்கு ஏற்றபடி நெகட்டிவை ஒரே ஒரு முறை வெட்டுவார்கள். உழைப்புக்கு ஒரு பிரதி, உலகத்துக்கு மூலம் என்கிற அந்த ஏற்பாடு எவ்வளவு விவேகமானது! கணினியிலும் அதே ஏற்பாடு ப்ராக்ஸி என்ற பெயரில் இருப்பதை நான் அறிவேன். 2016-ஆம் ஆண்டிலேயே பிரீமியரில் அதற்கான வசதி வந்துவிட்டது. பெரிய கோப்புகளிலிருந்து சிறிய பிரதிகளைச் செய்துகொண்டு, அவற்றை வைத்து வெட்டுகிற வேலை முழுவதையும் முடித்து, கடைசியில் ரெண்டர் செய்கிறபோது மென்பொருள் தானாகவே மூலக் கோப்புகளுக்கு மாறிக்கொள்ளும்.

அன்றிரவே ஒரு பரீட்சை செய்தேன். ஒரு பதத்தின் காட்சிகளை மாத்திரம் எடுத்து, 1280-க்கு 720 அளவில், ஒவ்வொரு ப்ரேமும் முழுமையாக எழுதப்படுகிற சினிபார்ம் முறையில் பிரதி செய்யும்படி யந்திரத்துக்கு உத்தரவிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். அந்த அளவில் ப்ரேம் ஒன்றுக்குப் புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்கு. புரட்டிப் பார்க்க வேண்டிய முன் ப்ரேம்களும் இல்லை. காலையில் டைம்லைனில் மூன்று கேமராக்களின் பிரதிகளையும் ஒரே திரையில் வைத்து ஓடவிட்டேன். எங்கும் நிற்காமல், தாவாமல், தாளமும் தட்டுமாக அந்தப் பதம் முழுவதும் ஓடி முடிந்தது. பிரதி செய்ய யந்திரத்துக்குப் பிடித்த நேரம் அதிகந்தான். ஆனால் அது நான் உறங்குகிற நேரம். மனிதன் கண்விழித்துச் செய்கிற தீர்மானங்களுக்கு இடையூறு இல்லாமல் இருக்குமானால், யந்திரம் இரவெல்லாம் உழைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆகவே தீர்மானம் இவ்வாறு அமைந்தது. பிராஸஸரையும் மதர்போர்டையும் அப்படியே வைத்துக்கொள்வது. ராமை அந்த போர்டு ஏற்கக்கூடிய உச்ச அளவாகிய 16 ஜி.பி.க்கு உயர்த்துவது, ஏனென்றால் மூன்று காட்சிகளையும் நிறத் திருத்தங்களையும் ஒருங்கே திறக்கும்போது எட்டு போதவில்லை என்பதைக் கண்ணால் கண்டிருந்தேன். சிஸ்டத்துக்கும் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளுக்கும் சிறியதொரு எஸ்.எஸ்.டி.; பழைய போர்டில் அது தன் முழு வேகத்தில் பாதியளவே ஓடும் என்றாலும், சிறு சிறு கோப்புகளை நாலாபுறமும் தேடி எடுக்கிற காரியத்தில் ஹார்ட் டிஸ்க்கைவிட அதன் பாதி வேகமே மேல். மிச்சப் பணத்தில் பெரும்பங்கைக் கொண்டு, ஒரே அளவுள்ள இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று என் அறையிலே இருக்கும். மற்றொன்று, கடலிலிருந்தும் கெடிலம் ஆற்றிலிருந்தும் விலகி, மேட்டுப்பாங்கான இடத்தில் உள்ள என் சகோதரியின் வீட்டில் இருக்கும். ஒரு வேலை முடிந்ததும் இரண்டிலும் பிரதி ஏறும். அதன் பிறகே கேமரா கார்டு அழிக்கப்படும். யு.பி.எஸ்.ஸுக்குப் புது பாட்டரி. எல்லாம் சேர்ந்தும், புதிய சிஸ்டத்துக்குக் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே முடிந்துவிட்டது.

அந்த நாட்டியப் படத்தை அம்மையார் அளித்த அவகாசத்துக்குள் முடித்துக் கொடுத்தேன். அம்மையார் தம் மாணவிகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, ஒரு ஜதியின் முடிவில் நிறுத்தச் சொல்லி, ஒரு சிறுமியிடம் அவள் பாதம் தாளத்துக்கு முன்னால் விழுந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பிசகு ஆட்டத்திலேயே இருந்ததுதான். என் யந்திரம் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எடிட்டிங் என்கிற தொழிலுக்கு அதைவிட உயர்ந்த பாராட்டு உண்டென்று நான் கருதவில்லை.

சிக்கனமே எப்போதும் சரியான வழி என்று சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். 2021-ஆம் ஆண்டில் அதே கேள்வி மறுபடி வந்தபோது, என் பதில் நேர்மாறாக இருந்தது. அப்போது நண்பர்களின் கேமராக்கள் எச்.265 முறைக்கு மாறி, பத்து பிட் ஆழத்தில், முன்னிலும் நுட்பமான நிறத் தகவலோடு பதிய ஆரம்பித்திருந்தன. அவற்றை விரிப்பது என் பழைய பிராஸஸருக்கு எவ்வளவு கடினமாக இருந்ததென்றால், ப்ராக்ஸி செய்வதற்கே ஓர் இரவு போதாமல், மறுநாள் பகலும் வேலைக்கு ஆகாமல் போயிற்று. முன்பு போலவே கவனித்துப் பார்த்தேன். தடை இருந்த இடம் முன்பு இருந்த அதே இடம், ஆனால் இப்போது அதைச் சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. கிராபிக்ஸ் கார்டுகளோ, சில்லுத் தட்டுப்பாட்டாலும் மின்காசுச் சுரங்கத்தாலும் மறுபடியும் எட்டாத விலையில் இருந்தன. ஆனால் அந்த வருஷத்தில் வந்த இன்டெலின் பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப் பிராஸஸர்களில், என் நண்பர்களின் கேமராக்கள் எழுதுகிற அதே வகைப் பதிவை விரிப்பதற்கென்றே ஒரு பகுதி உள்ளே அமைந்திருந்தது. கார்டு வாங்காமலே அந்த பிராஸஸரை வாங்கி, மதர்போர்டும் ராமும் சேர்த்துப் புதிய யந்திரம் அமைத்தேன். அதற்காகக் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு கணமும் வருந்தியதில்லை. முதல் முறை வாங்காமல் இருந்ததும் இரண்டாம் முறை வாங்கியதும் ஒரே விசாரணையின் இரண்டு முடிவுகள்.

பழைய யந்திரம் இன்னும் அறையின் மூலையில் வேலை செய்கிறது. அதன் பிராஸஸர் விண்டோஸ் 11-ஐ ஏற்காத தலைமுறையைச் சேர்ந்தது; விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் வழக்கமாக அளித்து வந்த பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆகையால் அதை இணையத்திலிருந்து அடியோடு பிரித்து, டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பதற்கும், பழைய மினி டி.வி. கேஸட்டுகளைக் கணினிக்குள் இறக்குவதற்கும் மாத்திரம் வைத்திருக்கிறேன்; பழைய பயர்வயர் கார்டு பொருந்துகிற இடம் அதிலேதான் இருக்கிறது. என் முதலாளி விட்டுச் சென்ற அலமாரியிலிருந்து, தேதிவாரியாக அந்தக் கேஸட்டுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. சென்ற வருஷம் சிதம்பரத்து அம்மையாரின் மாணவி ஒருத்தி, இப்போது தானே வகுப்பு நடத்துகிறவள், 2018-இல் தான் ஆடிய வர்ணத்தின் மூலப் பதிவைக் கேட்டாள். அறையில் இருந்த டிஸ்க் பழுதாகியிருந்தது. சகோதரியின் வீட்டில் இருந்த டிஸ்க்கிலிருந்து அதே நாளில் அதை எடுத்துக் கொடுக்க முடிந்தது.

யந்திரத்தின் வயதை அது வாங்கிய வருஷத்தைக் கொண்டு கணக்கிடுகிறவர்களுக்கு விற்பனைக்காரர்களின் தயவு எப்போதும் இருக்கும். நான் கண்டவரையில், வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக நேர்மையான வழி ஒன்று இருக்கிறவரையில் அந்த யந்திரத்துக்கு வயதாகவில்லை. அந்த வழியும் அடைபட்ட நாளில் அதை மாற்றுவதற்குத் தயங்க வேண்டியதும் இல்லை. ஆனால் வைத்துக்கொண்டாலும் மாற்றினாலும், ஒதுக்குகிற பணத்தின் முதல் பங்கு காட்சிகளைக் காக்கிற டிஸ்க்குகளுக்கு உரியது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பிராஸஸர் இன்னும் நான்கு வருஷத்தில் பழையதாகும். அடுத்த கடையில் அதைவிட நல்லது கிடைக்கும். ஒரு தாயாரின் ஆரத்தியும், ஒரு குழந்தையின் முதல் அரங்கேற்றமும் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அவற்றை நம்மை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு நாம் முதலில் தரக் கடமைப்பட்டிருப்பது வேகத்தை அல்ல, பத்திரத்தை.